சேர் போனது துரோகமல்ல

ஒரு கூடத்தில் பிள்ளைகளைப் பழக்கிய பயிற்றுவிப்பாளர் அதை விட்டு இன்னொரு கூடத்தில் போய்ச் சேர்ந்தால் அவர் துரோகி. மாத்தளையில் ஜிம்னாஸ்டிக், கராத்தே, பட்மின்டன் என்று எந்தக் கூடத்தின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கூடத்தின் உரிமையாளர் சொல்வார், பழைய மாணவர்கள் சொல்வார்கள், அந்த சேரிடம் ஒரு நாளும் பழகாத பிள்ளையின் பாட்டியும் சொல்வார். இந்தக் கருத்து பிழை. இதனால் அடிபடுவது பிள்ளைகள் என்பதால்தான் எழுதுகிறேன்.

பல்லேகமவிலிருந்து சனிக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்குப் போய்வருகிறேன். ஒரு சனிக்கிழமை, விடிய முன் பஸ் ஏறி, ரிவர்ஸ்டன் வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்து, இரத்தோட்டை தாண்டி நாங்கள் போய் இறங்கியபோது கூடம் திறந்திருந்தது, பாய்கள் விரிக்கப்படவில்லை. சுருட்டி வைத்த பாய்களின் மேல் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். சேர் நகரத்தில் புதிதாகத் திறந்த இன்னொரு கூடத்துக்குப் போய்விட்டார், சோறு போட்ட இடத்தை மறந்துவிட்டார் என்று உரிமையாளர் சொன்னார். பிறகு ஆளுக்கொரு கடதாசி தந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு என் பிள்ளையை அந்தப் பயிற்றுவிப்பாளரிடமோ அந்தக் கூடத்துக்கோ அனுப்ப மாட்டேன். அனுப்பினால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அநேகமாக எல்லோரும் அங்கேயே கையெழுத்திட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். கூடம் நடத்துகிறவர் கடன் எடுத்து முதல் போட்டவர். பாயும் சமநிலைக் கட்டையும் தாவும் மேசையும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. மாத வாடகை நிற்காது. பயிற்றுவிப்பாளரைப் பயிற்சி நெறிகளுக்கு அனுப்பியதும் அவர்தான். நாற்பது பிள்ளைகள் பழகும் இடத்தில் பதினைந்து பிள்ளைகள் ஒரே மாதத்தில் விலகினால் வங்கிக்கு என்ன பதில் சொல்வது? வலயமட்டப் போட்டிக்கு ஆறு கிழமை இருக்கும்போது பாதி பழகிய பிள்ளையை விட்டுப் போவது சரியா? குரு என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு கனம் உண்டு. அகர்த்தலாவில் பயிற்றுவிப்பாளர் பிஸ்வேஸ்வர் நந்தியும் அவருடைய மாணவி திபா கர்மாகரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக உழைத்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தாவும் மேசைப் போட்டியில் நான்காம் இடம் வரை போனார்கள். வெண்கலம் 0.15 புள்ளியில் தவறியது. அப்படி ஓரிடத்தில் நிற்கிறவர்தானே குரு என்று கேட்கிறார்கள்.

இவற்றில் ஒன்றையும் வெறும் பொறாமை என்று தள்ள மாட்டேன். ஆனால் இவற்றிலிருந்து ‘துரோகி’ என்ற முடிவும் வராது, அந்தக் கடதாசியும் வராது.

1. பிள்ளைகளைக் ‘கொண்டுபோனார்’ என்கிறீர்களே, பிள்ளைகள் என்ன மூட்டையா? குற்றச்சாட்டு முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது. கூடம் பிள்ளைகளை வைத்திருந்தது, சேர் எடுத்துக்கொண்டு போனார் என்கிறார்கள். நடப்பது அதுவல்ல. வீட்டில் தாயும் தகப்பனும் இருந்து யோசித்து, பஸ் நேரம் பார்த்து, கட்டணம் பார்த்து, பிள்ளை யாரிடம் பயமில்லாமல் பழகுகிறாள் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். மாதக் கட்டணம் அந்த மாதப் பயிற்சிக்கான விலை. அடுத்த மாதத்துப் பிள்ளையை அது வாங்கிவிடாது.

பல்லேகமக்காரர்களுக்கு இது விளங்க வேண்டும். மொரகஹகந்த–களுகங்கை நீர்த்தேக்கத் திட்டம் வந்தபோது பழைய ஊர் எழும்பி லக்கல புதிய நகருக்குப் போனது. கடைக்காரர்களும் போனார்கள், சனமும் போனது. பழைய தெருவில் அரிசி வாங்கிய கடையில்தான் புதிய தெருவிலும் வாங்க வேண்டும் என்று எந்த முதலாளியும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அரிசிக்குக் கேட்காத கையெழுத்தைப் பிள்ளைக்குக் கேட்கிறார்கள்.

இந்தியப் பட்மின்டன் இந்த நடமாட்டத்தால் வளர்ந்தது. புல்லேலா கோபிசந்த் ஹைதராபாத்தில் எஸ். எம். ஆரிஃபிடம் பழகியவர். பிறகு பெங்களூரில் பிரகாஷ் படுகோனின் அகடமிக்குப் போனார். 2001இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றார். 2008இல் ஹைதராபாத்தில் சொந்த அகடமி திறந்தார். அவரிடமிருந்து சாய்னா நேவால் 2014இல் விலகி பெங்களூரில் விமல் குமாரிடம் போனபோது பெரிய மனஸ்தாபம். அடுத்த வருடமே சாய்னா உலகத் தரவரிசையில் முதலிடம், உலகச் சம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2017இல் கோபிசந்திடம் திரும்பினார், 2018இல் பொதுநலவாயத் தங்கம் வென்றார். கோபிசந்த் கதவைப் பூட்டி வைக்கவில்லை. அவருடைய அகடமியும் இடிந்து விழவில்லை.

2. கூடம் செலவழித்துப் படிப்பித்ததா? அப்படியானால் தொகையைச் சொல்லுங்கள். கடன் என்றால் அதற்கு ஓர் எண் உண்டு, ஒரு முடிவுத் தேதியும் உண்டு. அரச ஊழியரோ பல்கலைக்கழக விரிவுரையாளரோ படிப்பு விடுமுறையில் வெளிநாடு போனால் பிணை முறி எழுதுகிறார்: இத்தனை வருடம் திரும்பி வந்து சேவை, இல்லையேல் இத்தனை ரூபாய். அது நேர்மையான ஏற்பாடு. கூடமும் அப்படிச் செய்யலாம். பயிற்சி நெறிக்கு இவ்வளவு கட்டினோம், இரண்டு வருடத்துக்குள் போனால் மீதியைத் தா என்று முன்கூட்டியே எழுதி வாங்கினால் குறை சொல்ல மாட்டேன். எண்ணும் தேதியும் எழுதாமல், ஆள் போகிற நாளில் ‘சோறு போட்டோம்’ என்று சொல்வது கடன் கணக்காகாது.

கணக்கென்று வந்தால் மற்றப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின் கீழ் இன்று தொழில்தருநர் சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் இன்னும் 3 வீதம். விசுவாசம் கேட்கிறவர் முதலில் அந்தப் பயிற்றுவிப்பாளரின் சேமலாப நிதி இலக்கத்தைச் சொல்லட்டும். நியமனக் கடிதத்தைக் காட்டட்டும். நான் கண்டது கடித உறையில் வைத்துக் கொடுத்த கைக்காசு. பிள்ளைகள் குறைந்த மாதத்தில் உறையும் மெலியும். கொரோனாக் காலத்தில் கூடம் மூடியபோது உறையே இல்லை. அந்த நாட்களில் அதே சேர் தன் வீட்டுத் திண்ணையில் தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, எங்கள் பிள்ளைகளுக்கு நாரியை வளைக்கவும் தோளை இறுக்கவும் காசில்லாமல் சொல்லிக்கொடுத்தார். இவர் யாருக்கு என்ன பாக்கி?

3. ‘எங்கள் இரகசியம் எல்லாம் அங்கே போய்விடும்.’ இந்தப் பயத்துக்கு உலகத்தில் நல்ல பரிசோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன.

முதலாவது சதுரங்கத்தில். டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் பீட்டர் ஹைனே நீல்சன் 2002 தொடக்கம் 2012 வரை விஸ்வநாதன் ஆனந்தின் துணைப் பயிற்சியாளர். கிராம்னிக், டோபலோவ், கெல்ஃபாண்ட் ஆகியோருக்கு எதிரான உலகப் பட்டப் போட்டிகளுக்குத் தயார்செய்த குழுவில் இருந்தவர். ஆனந்தின் தொடக்க நகர்வுகள் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. 2013இல் அவர் மக்னஸ் கார்ல்சனிடம் போய்ச் சேர்ந்தார். அதே வருட நவம்பரில் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலகப் பட்டப் போட்டி. இரகசியம் என்ற பயத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எங்கே கிடைக்கும்? நடந்தது இதுதான்: ஆனந்துடன் இருந்த உடன்பாட்டின்படி அந்தப் போட்டியில் நீல்சன் கார்ல்சனுக்கு உதவவில்லை. ஒதுங்கி நின்றார். ஒரு போட்டி, ஒரு நிபந்தனை, இரண்டு பக்கமும் மரியாதை. ஆனந்த் 6.5–3.5 என்று தோற்றார். நீல்சன் எதையும் சொல்லிக்கொடுத்து வந்த தோல்வியல்ல அது. எதிரே இருந்த இளைஞர் அந்த நாட்களில் நன்றாக ஆடினார்.

இரண்டாவது நம்முடைய ஆள். சந்திக ஹத்துருசிங்க 2010இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பயிற்றுவிப்பாளர் நெறிக்காகச் சுற்றுப்பயணத்தின் இடையில் போனார் என்று ஸ்ரீலங்கா கிரிக்கெட் அவரை விலக்கியது. அவர் நியூ சவுத் வேல்ஸுக்குப் போனார். 2014இல் பங்களாதேஷின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். 2015 உலகக் கிண்ணத்தில் அந்த அணி காலிறுதிக்கு வந்தது. அதே வருடம் சொந்த மண்ணில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாபிரிக்கா மூன்றையும் ஒருநாள் தொடர்களில் வென்றது. 2017 முடிவில் அவர் பங்களாதேஷை விட்டு இலங்கைக்கு வந்தார். முதல் தொடரே டாக்காவில், தான் பழக்கிய பையன்களுக்கு எதிராக. 2018 ஜனவரியில் முத்தரப்புத் தொடரின் இறுதியாட்டத்தில் இலங்கை வென்றது. ‘பார்த்தீர்களா, உள்வீட்டு இரகசியம்’ என்று அங்கே கொதித்தார்கள்.

பொறுங்கள். ஆறு கிழமையில் சுதந்திரக் கிண்ணம் வந்தது. கொழும்பில், அதே ஹத்துருசிங்க எங்கள் பக்கம் உட்கார்ந்திருக்க, பங்களாதேஷ் எங்களை இரண்டு தடவை தோற்கடித்தது. முதல் ஆட்டத்தில் 215 ஓட்ட இலக்கைத் துரத்தி வென்றது. இறுதியாட்டத்துக்குப் போனதும் அவர்கள்தான். பயிற்றுவிப்பாளர் ஆட்டக்காரனைப் பற்றி அறிந்திருப்பது உண்மை. ஆட்டக்காரனும் பயிற்றுவிப்பாளரைப் பற்றி அதே அளவு அறிந்திருக்கிறான். 2023இல் பங்களாதேஷே ஹத்துருசிங்கவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. துரோகியை யாரும் திரும்ப அழைப்பதில்லை. அப்படியானால் 2017இல் போனது என்ன? வேலை மாற்றம்.

தேசிய அணிகளின் கதையே இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பழகும் கூடத்தில் இரகசியம் என்று என்ன இருக்கிறது? கையூன்றும்போது முழங்கையை மடக்காதே, குதித்து இறங்கும்போது முழங்காலை இளக்கு. இதை மாவட்டம் முழுவதும் சொல்லிக்கொடுத்தால் மாத்தளைக்கு நல்லது.

4. அந்தக் கடதாசிக்குப் பெறுமதி என்ன? பக்கத்து நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவரைச் சட்டபூர்வமான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஸாகிர் கானை அவருடைய பழைய முகாமை நிறுவனம் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிவைக்கப் பார்த்தபோது, 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டி மறுத்தது. நம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையும் விரும்பிய சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. அது அரசைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, இரண்டு தனியாருக்கு இடையிலான ஒப்பந்தத்தை நேரே வெட்டாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எதை நாம் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி. மாத்தளைக் கடதாசி ஸாகிர் கானின் ஒப்பந்தத்தைவிட ஒரு படி மேலே போகிறது. பயிற்றுவிப்பாளரைக் கட்ட வழியில்லாமல் அவரிடம் பழகிய பிள்ளையைக் கட்டுகிறது. வேலை ஒப்பந்தத்தில் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒப்பந்தத்தின் தண்டனை.

5. ஒருவர் போனால் கூடம் விழுமா? 1981இல் பயிற்றுவிப்பாளர்கள் பேலா கரோலியும் மார்த்தா கரோலியும் ருமேனிய ஜிம்னாஸ்டிக் அணியோடு அமெரிக்கா போய், திரும்பி வராமல் தங்கிவிட்டார்கள். நாடியா கொமனேச்சியை வளர்த்த கைகள் போனால் ருமேனியா முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். 1984 ஒலிம்பிக்கில் பெண்கள் அணித் தங்கம் ருமேனியாவுக்கு. சோவியத் அணி வராத ஒலிம்பிக் அது என்று சொல்லலாம். 1987 உலகச் சம்பியன்ஷிப்பில் சோவியத் அணியும் இருந்தது, அங்கேயும் தங்கம் ருமேனியாவுக்குத்தான். கீழ்வகுப்புப் பிள்ளைகளிலிருந்து மேலே வரை ஒரு முறையும், அதை அறிந்த அடுத்த வரிசைப் பயிற்றுவிப்பாளர்களும் அங்கே இருந்தார்கள்.

மாத்தளையில் சேர் போன அடுத்த சனிக்கிழமை புதிதாக வந்த இளம் டீச்சர் என் மகளிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க எதுவரைக்கும் பழகியிருக்கீங்க?” பதினொரு வயதுப் பிள்ளை தன் பயிற்சிப் பதிவைத் தானே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருடம் பழகிய பிள்ளைக்குக் கூடத்தில் ஒரு பக்கம் எழுதி வைக்கப்படவில்லை. எந்த மணிக்கட்டில் வலி வரும், எந்த அசைவுக்குப் பயப்படுவாள் என்பதெல்லாம் சேரின் தலைக்குள் இருந்தது. ஒரு ரூல் கொப்பியில் எழுதி வைக்கக்கூடிய விஷயம் அது.

6. பாதியில் விட்டுப் போனாரே? இந்த ஒரு கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மழுப்ப மாட்டேன்.

மகள் அப்போது பின்பக்கமாகப் பாய்ந்து கைகளில் ஊன்றி எழும்பப் பழகிக்கொண்டிருந்தாள். பார்க்காத பக்கமாகப் பாய வேண்டும். முதல் மாதங்களில் சேரின் ஒரு உள்ளங்கை இடுப்புக்குக் கீழே, மற்றது தொடைக்குப் பின்னால். பிறகு இரண்டு விரல். பிறகு தொடாமல், கை மட்டும் அங்கே இருக்கும். அந்தக் கை அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் உடம்பு பின்னால் போகும். அந்தக் கட்டத்தில் கை மாறினால் பிள்ளை நின்றுவிடுவாள். மகள் நின்றுவிட்டாள். ஐந்து கிழமை பாயின் ஓரத்தில் போய் நின்று, கைகளை உயர்த்தி, இறக்கிவிட்டு, வரிசையின் பின்னால் போனாள். பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: “அப்பா, சேர் ஏன் சொல்லாமப் போனாரு?”

அதை விசாரித்தேன். ஒரு தவணை முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் சேர் சொல்லியிருக்கிறார். வலயமட்டம் முடியும் வரை நிற்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். சொன்ன அன்றிரவே கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளோடு பேசக் கூடாது என்றார்கள். ஆகவே பாதியில் விடப்பட்டது உண்மை. விட்டது யார்?

போவதைத் துரோகம் என்று வைத்துக்கொண்டால் இதைத் தவிர வேறெதுவும் நடக்க முடியாது. சொல்லிவிட்டுப் போகிறவர் அன்றே வெளியே தள்ளப்படுவார். அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போவார். சொல்லாமல் போனதும், பார்த்தீர்களா துரோகி என்பார்கள். ஒரு தவணை முன்னறிவிப்பு, பிள்ளை வாரியாக எழுதிய கொப்பி ஒப்படைப்பு, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பிரியாவிடை ஆகிய மூன்றும் போவதைச் சாதாரண விஷயமாக ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் கிடைக்கும்.

7. கடைசி மறுப்பு, எனக்கு மிக முக்கியமானது. போனவரைப் பற்றி நீங்கள் பேசுவது எல்லாம் விசுவாசம் பற்றி. பாதுகாப்பு பற்றி யார் பேசுவது?

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஸ்டார் நாளிதழ், அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக் சம்மேளனத்தின் அலுமாரிகளில் கிடந்ததை வெளியே கொண்டுவந்தது. 1996 தொடக்கம் 2006 வரையான பத்து வருடங்களில் 50க்கும் மேற்பட்ட பயிற்றுவிப்பாளர்கள் மீதான சிறுவர் துஷ்பிரயோக முறைப்பாடுகள் கோப்புகளாகச் சேர்ந்திருந்தன. ஒருவரைப் பற்றி 1998இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. அதன் பிறகும் ஏறத்தாழ ஏழு வருடங்கள் அவர் சிறுமிகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். இறுதியில் 30 வருடச் சிறை. சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்த அணி வைத்தியர் லாரி நாசரின் கதை வெளியே வந்ததும் அந்தச் செய்தியைத் தொடர்ந்துதான்.

இது எப்படி நடக்கிறது? ஆபத்தானவர் போகும்போது கூடம் சத்தம் போடுவதில்லை. பெயர் கெடும், பிள்ளைகள் குறைவார்கள். ‘சொந்தக் காரணம்’ என்று சொல்லி மெதுவாக அனுப்பிவிடுகிறது. அடுத்த கூடம் கேட்பதில்லை. நல்லவர் சம்பளம் போதாமல் போகும்போதுதான் கூட்டம் கூட்டிக் கடதாசி நீட்டுகிறது. சத்தம் வர வேண்டிய இடத்தில் மௌனம், தேவையில்லாத இடத்தில் சத்தம். காதில் விழும் பழி எல்லாம் ‘நன்றி கெட்டவன்’ என்ற ஒரே சொல்லாக இருக்கும்போது, உண்மையில் எச்சரிக்கப்பட வேண்டிய ஆளைப் பெற்றோர் எப்படிப் பிரித்தறிவது? ‘அவரைப் பற்றி அந்தக் கூடத்தில் கூடாமல் சொன்னார்கள்’ என்றால், ‘போட்டியில் சொல்லியிருப்பார்கள்’ என்று தட்டிவிடுவோம். நானும் தட்டிவிடுவேன். துரோகி என்ற சொல்லை மலிவாக்கியதற்கு இதுதான் விலை.

நம் நாட்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து யாரும் முறையிடலாம். நான் பார்த்த எந்தக் கூடத்தின் சுவரிலும் அந்த நான்கு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. கட்டணம் கட்டும் கடைசித் தேதி எல்லாக் கூடத்திலும் எழுதப்பட்டிருந்தது.

மகள் இன்னும் பழைய கூடத்தில்தான் பழகுகிறாள். சேர் போன இடத்துக்கு நான் அவளை அனுப்பவில்லை. புதிய டீச்சர் பொறுமையானவர். சுவரில் சாய்ந்து நின்று தொடங்கி, சரிவுப் பாயில் உருண்டு, மறுபடி முதலிலிருந்து கொண்டுவருகிறார். போன கிழமை இரண்டு விரல் வரை வந்திருக்கிறார்கள்.

அந்தக் கடதாசியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முன்பக்கத்தில் கோடு வெறுமையாக இருக்கிறது. பின்பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறேன். போன சேர் மீது பிள்ளைகள் சம்பந்தமான முறைப்பாடு ஏதும் உண்டா, ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தருவீர்களா? புதிய டீச்சருக்கு நியமனக் கடிதம் கொடுத்துவிட்டீர்களா? என் மகளின் கொப்பி எப்போது தொடங்கும்? பதில் வந்த பிறகு மற்றதைப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.